நாலு இடம், 24 இரவு: தக்கலைக் குடும்பம் ஒன்றின் ஐரோப்பியப் பயணம் எப்படித் திட்டமிடப்பட்டது

தக்கலைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. கணவர் வங்கி ஊழியர், மனைவி பள்ளி ஆசிரியை. மூத்தவளுக்கு ஏழு வயது, இளையவனுக்கு மூன்று முடிந்திருந்தது. கூடவே கணவரின் அம்மா. அறுபதைத் தாண்டியவர், தினமும் பிரஷர் மாத்திரை எடுப்பவர். ஐந்து பேரும் மே மாதத்தில் மூன்று வாரத்துக்கு மேல் ஐரோப்பா போய்வர வேண்டும் என்று முந்தைய நவம்பரிலேயே வந்தார்கள். நாகர்கோவிலில் பயண ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்று அவர்களே சொன்னதால் இந்தத் திட்டம் எப்படி உருவானது, எங்கே பிடித்தது, எங்கே வழுக்கியது என்று விவரமாக எழுதுகிறேன்.

கணவர் கொண்டுவந்த பட்டியலில் பன்னிரண்டு ஊர்கள் இருந்தன. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், சூரிக், லூசெர்ன், இன்டர்லாக்கன், மிலன், வெனிஸ், பைசா, ஃபுளோரன்ஸ், ரோம். வழக்கமான பஸ் பேக்கேஜ் போகிற அதே பாதை. ஒவ்வோர் ஊரிலும் இரண்டு இரவு. இருபத்தைந்து வயதில் முதுகில் ஒரு பையோடு போகிறவர்களுக்கு இது நல்ல பட்டியல்தான். இவர்களுக்கு ஆகாது. ஏன் ஆகாது என்பதை அவருக்குப் புரியவைப்பதில்தான் முதல் இரண்டு சந்திப்பும் கழிந்தன.

ஊர் மாறும் நாளின் கணக்கு இப்படி. ஐரோப்பாவில் பெரும்பாலான தங்குமிடங்களில் காலை பத்து, பதினொன்றுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் மாலை மூன்று மணிக்கு முன்னால் சாவி தர மாட்டார்கள். சில இடத்தில் நாலு மணி. இடையில் நாலைந்து மணி நேரம் குடும்பத்துக்குக் கூரை கிடையாது. பெரியவர்கள் ரயிலிலும் காப்பிக் கடையிலும் அந்த நேரத்தை ஓட்டிவிடுவார்கள். மூன்று வயதுப் பிள்ளையின் மதியச் சாப்பாடு, மதியத் தூக்கம், கழிப்பறை மூன்றும் சரியாக அந்த நேரத்தில்தான் வந்து விழும். பன்னிரண்டு ஊர் என்றால் இப்படிப் பதினோரு நாள். அதற்கு முந்தின இரவுகளில் பெட்டி கட்டும் வேலை வேறு. அது யார் தலையில் விழும் என்று கேட்டபோது மனைவி கணவரைப் பார்த்தார். அதோடு பட்டியல் பாதியாகிவிட்டது.

அதனால் ஊர்களை எண்ணாமல் தூங்கும் இடங்களை எண்ணினோம். ஒரே இடத்தில் ஒரு வாரம் தங்கி, அங்கிருந்து காலையில் போய் மதியமோ மாலையோ திரும்பிவரும் தூரத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பார்ப்பது என்று முடிவானது. யாருக்கு எது முக்கியம் என்று ஆளுக்கு ஒன்று கேட்டேன். மூத்தவளுக்கு ஈஃபில் கோபுரம். மனைவிக்குப் பனிமலை. அம்மாவுக்கு ரோம்.

அம்மாவின் ரோம் ஆசைக்கு ஒரு காரணம் உண்டு, நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அது சொல்லாமலே புரியும். நட்டாலத்தில் பிறந்து, 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15 அன்று வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர். அன்று டி.வி.யில் பார்த்த சதுக்கத்தில் ஒருமுறை நிற்க வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். “வேற எங்கயும் என்னக் கொண்டு போகாண்டாம் மக்ளே, அங்க மட்டும் கொண்டு போனா போதும்” என்றார். திட்டத்தில் அசைக்க முடியாத முதல் ஆணி இதுதான்.

கணவருக்கு ஆம்ஸ்டர்டாம். அவர் குளச்சலில் படித்தவர். 1741இல் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு, அந்த டச்சுக்காரர்களின் ஊரைப் பார்க்க வேண்டும் என்று மனதில் வைத்திருந்தார். நியாயமான ஆசைதான். ஆனால் பாரிஸிலிருந்து வடக்கே போய், அங்கிருந்து தெற்கே ஆல்ப்ஸுக்கு இறங்க வேண்டும். ஒரு நீண்ட ரயில் நாளும் ஒரு புதுத் தங்குமிடமும் கூடும். க்யூகென்ஹோஃப் டூலிப் தோட்டமாவது கிடைக்குமா என்று பார்த்தோம். அது மார்ச் நடுவிலிருந்து மே நடு வரைதான் திறந்திருக்கும். மனைவியின் பள்ளி வேலை முடிந்து இவர்கள் கிளம்புவதற்குள் பூ முடிகிற காலம். சரி, அந்தப் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டையிலேயே இருக்கிறது, டச்சுக் கணக்கை அதோடு முடித்துக்கொள்வோம் என்று அவரே சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தார். வெனிஸை நான் வெட்டினேன். நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிக்கட்டு. தள்ளுவண்டியோடு அங்கே போவது வீண் வேலை.

கடைசியில் நின்றது: பாரிஸில் 7 இரவு, சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் பக்கம் 9, மிலனில் 1, ரோமில் 7. பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து திரும்பும்படி ஒரே டிக்கெட்டாக எடுத்தோம். இறங்கின ஊருக்கே திரும்பிப் போவது பழைய பழக்கம். அதில் ஒரு முழு நாளும் ஒரு ரயில் செலவும் வீணாகும். மிலனில் அந்த ஒற்றை இரவு கணவரின் விருப்பம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கிளம்பும் தேதியை வைத்ததும் ரோம்தான். போப் மக்களைச் சந்தித்துப் பேசும் பொது மறைக்கல்வியுரை வழக்கமாகப் புதன்கிழமை காலையில் நடக்கும். அனுமதிச் சீட்டு இலவசம். ரோமில் இருக்கும் வாரத்தில் புதன் நடுவில் விழ வேண்டும், வந்த மறுநாளோ கிளம்பும் நாளோ ஆகிவிடக் கூடாது. பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்ததில் வியாழக்கிழமை பாரிஸில் இறங்க வேண்டும் என்று வந்தது.

விசா

மூன்று நாடும் ஷெங்கன் எனப்படும் பொது விசா நாடுகளின் வட்டத்தில் இருப்பதால் ஒரே விசா போதும். எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். முதலில் இறங்கும் நாடு என்று ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி இல்லை, அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. இவர்களுக்குப் பிரான்ஸ் 7, இத்தாலி 8 (மிலன் இரவும் அதில் சேரும்), சுவிட்சர்லாந்து 9. ஆகவே சுவிஸ் விசா. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. ஓர் இரவை இங்கிருந்து அங்கே நகர்த்தினாலும் தூதரகமே மாறிவிடும் என்பதால், இரவுக் கணக்கு உறுதியாகும் வரை விண்ணப்பத்தைத் தொடவில்லை.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்தாக வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. கோடை விடுமுறைக் கூட்டத்தில் நேர ஒதுக்கீடு கிடைப்பதே பாடு, அதனால் ஜனவரியிலேயே இடம் பிடித்தோம். கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயதிலிருந்து பன்னிரண்டுக்குள் 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழ் இலவசம். இவர்களுக்கு மொத்தம் 315 யூரோ. விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் கைரேகை கிடையாது. காப்பீடு ஆளுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அம்மாவுக்கு எடுக்கும்போது பிரஷர் இருப்பதை மறைக்காமல் எழுதச் சொன்னேன். பிரீமியம் கூடியது, கூடட்டும்.

தாமதம் வந்தது நாங்கள் நினைக்காத பக்கத்திலிருந்து. இளையவனின் பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. நம் ஊரில் இது சாதாரணம். பிள்ளை பிறந்ததும் பதிவு செய்துவிடுவார்கள், பெயர் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். பெயரைச் சேர்த்து, புதிய சான்றிதழ் வாங்கி, அப்பா அம்மா பெயர்களின் எழுத்து மூன்று பேர் பாஸ்போர்ட்டோடும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆனது. பிள்ளைகளோடு வெளிநாடு போக நினைப்பவர்கள் ஊர்களைத் தேடுவதற்கு முன்னால் இந்த ஒரு காகிதத்தை எடுத்துப் பார்ப்பது நல்லது. சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும் என்பதையும். ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் அது உயிரோடு இருக்க வேண்டும்.

சென்னைக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிப் போய், காலையில் விண்ணப்பம் கொடுத்து, அன்று ராத்திரியே திரும்பினார்கள். விசா கைக்கு வந்த பிறகுதான் திருப்பித் தராத முன்பதிவுகளைச் செய்தோம். அதுவரை எல்லாம் ரத்து செய்யக்கூடிய அறைகள். கொஞ்சம் விலை கூடுதல்தான்.

விமானமும் மூன்றரை மணி நேரமும்

திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாகப் போவதுதான் நமக்குக் கைக்கு எட்டுவது. நாகர்கோவிலிலிருந்து விமான நிலையம் சுமார் 70 கிலோமீட்டர், ஆனால் களியக்காவிளையும் நெய்யாற்றின்கரையும் அதைக் கிலோமீட்டரில் கணக்கிட விடாது. வளைகுடாவில் விமானம் மாற நடுவில் ஒன்றேகால் மணி நேரம் கிடைக்கும் டிக்கெட் மலிவாக இருந்தது. நாலு மணி நேரம் கிடைக்கும் டிக்கெட்டை எடுத்தோம். தள்ளுவண்டி, கழிப்பறை, இன்னொரு பாதுகாப்புச் சோதனை, ஓட முடியாத ஓர் அம்மா. ஒன்றேகால் மணி நேரம் இவர்களுக்குப் போதாது. இரண்டு வயது முடிந்த பிள்ளைக்குத் தனி இருக்கை எடுத்தாக வேண்டும் என்பதால் இளையவனுக்கும் சேர்த்து ஐந்து இருக்கை.

கோடையில் பாரிஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். கேட்கச் சின்னதாகத் தெரியும். வீட்டில் காலை ஆறு மணிக்கு எழும் பிள்ளை அங்கே அதிகாலை இரண்டரைக்கு எழுந்து உட்காரும்; இரவு ஒன்பதுக்குத் தூங்கும் பிள்ளை அங்கே மாலை ஐந்தரைக்கே சாய்ந்துவிடும். மருந்து வெளிச்சம்தான். மே மாதம் பாரிஸில் இரவு ஒன்பது தாண்டித்தான் சூரியன் மறையும். முதல் மூன்று மாலையும் பிள்ளைகளைப் பூங்காவில் ஏழரை வரை விளையாட விடுங்கள், உள்ளே கொண்டுவராதீர்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த மூன்று நாளுக்கு எந்த டிக்கெட்டும் முன்பதிவு செய்யவில்லை. இறங்கும் நாளில் இன்னொரு வேலையும் உண்டு: 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவு படிப்படியாக வந்திருக்கிறது. பெரியவர்களுக்கு முகப்படமும் கைரேகையும், பன்னிரண்டுக்குக் கீழ் முகப்படம் மட்டும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் மூன்று வயதுப் பையனைக் கேமராவைப் பார்க்க வைப்பது எப்படி என்பதற்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை. அவன் அக்கா பார்த்துக்கொண்டாள்.

சோறு

இந்தக் குடும்பத்தின் உண்மையான கவலை இதுதான். “அங்க சோறு கிட்டுமா?” என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்டார். மிலன் தவிர எல்லா இடத்திலும் அடுப்படியுள்ள வீடாகவே எடுத்தோம். வாஷிங் மெஷினும் இருக்க வேண்டும் என்பது மனைவியின் நிபந்தனை. அதனால் பெட்டி பாதியானது. ஆளுக்கு ஏழு நாள் உடுப்பு, அவ்வளவுதான். பெரியவர்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு கை காலியாக இருக்க வேண்டும் என்பது நான் வைக்கும் விதி. அந்தக் கை பிள்ளையைப் பிடிக்க.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எதைக் கொண்டுபோகலாம் என்ற விதி பலர் நினைப்பதற்கு நேர்மாறானது. பால், இறைச்சி சேர்ந்தவை வெளியிலிருந்து வரக் கூடாது. நெய், பால்கோவா, பேடா எல்லாம் அதில் அடிபட்டுப் போகும். குழந்தைகளுக்கான பால் பவுடர், குழந்தை உணவு மட்டும் ஆளுக்கு இரண்டு கிலோ வரை விதிவிலக்கு. கம்பெனிப் பாக்கெட், பிரிக்காமல், குளிர்பெட்டி தேவைப்படாததாக இருக்க வேண்டும். பழம் காய்கறிக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். ஆனால் வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் இந்த ஐந்துக்கும் சான்றிதழ் வேண்டாம். அதாவது மாம்பழம் போகாது, மட்டிப்பழம் போகும். கறிவேப்பிலைக் கொத்து போகாது. மீனுக்கோ தனிச் சலுகை: உலர்ந்ததும் சேர்த்து 20 கிலோ வரை கொண்டுபோகலாம். சட்டப்படி ஒரு மூட்டைக் கருவாட்டோடு பாரிஸில் இறங்கலாம் என்று சொன்னதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீஸைக் கூப்பிடுவார்கள் அம்மா என்று சொல்லி அதை மட்டும் நிறுத்தினோம்.

போனவை: சம்பா அரிசி மூன்று கிலோ, பொடி வகைகள், புளி, முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் சிப்ஸ், இண்டக்‌ஷனில் வைக்கக்கூடிய அடிப்பாகமுள்ள சின்னக் குக்கர். அங்கே பல வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்புதான், வெறும் அலுமினியக் குக்கர் சூடாகாது. நம் இரண்டு ஊசி பிளக் அங்கே செருகலாம், மூன்று ஊசி ஆகாது, மின்அழுத்தம் ஒன்றே. அரிசி தீர்ந்த பிறகு இத்தாலிய ரிசோட்டோ அரிசி கைகொடுத்தது. அந்தக் குண்டு அரிசியைக் குழைய வேகவைத்துத் தயிர் ஊற்றினால் பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியவில்லையாம். பெரியவர்களுக்குத் தெரியும்.

அங்கே நடந்தது

பாரிஸில் காலையில் ஒன்று, மதியம் வீடு, மாலையில் பூங்கா. அவ்வளவுதான் அட்டவணை. வீடு தேடும்போது லிஃப்ட் இருக்கிறதா என்பதை விலைக்கு முன்னால் பார்த்தோம். அங்கே பழைய கட்டடங்களில் ஐந்தாம் மாடிக்கும் படிக்கட்டுதான். மெட்ரோவும் அப்படியே: முழுக்கப் படியில்லாமல் போகக்கூடியது 14ஆம் தடம் மட்டும்தான், மற்ற நிலையங்களில் பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது. தள்ளுவண்டிக்கும் அம்மாவின் முழங்காலுக்கும் பஸ்தான் சரி. மேலே ஊரும் தெரியும்.

லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், பதினெட்டுக்குக் கீழ் இலவசம். இவர்களில் பெரியவர்கள் மட்டும் முறைவைத்துப் போனார்கள். பிள்ளைகளுக்கு ஜார்தான் தே பிளான்ட் தோட்டமே போதுமாக இருந்தது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் ஊர்வலமாக நிற்கும் பெரிய கூடம், பக்கத்திலேயே 1794இல் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை. லக்சம்பர்க் பூங்காக் குளத்தில் பொம்மைப் பாய்மரக் கப்பலை வாடகைக்கு எடுத்துக் குச்சியால் தள்ளிவிடுகிற விளையாட்டுக்கு இரண்டாம் முறையும் போயிருக்கிறார்கள். ஈஃபில் கோபுரத்தில் இரண்டாம் தளத்தோடு இறங்கிவிட்டார்கள். மூத்தவளுக்கு அது போதும், கீழே இருந்த ராட்டினம்தான் அவளுக்கு முக்கியமாகப் போயிற்று.

பாரிஸிலிருந்து பாசெல் வரை டி.ஜி.வி. அதிவேக ரயில் மூன்று மணி நேரம் சொச்சம், அங்கே மாறி இன்டர்லாக்கன் இரண்டு மணி நேரம். முன்பதிவெல்லாம் முடிந்து தேதியைச் சொன்னபோது அம்மா காலண்டரைப் பார்த்துவிட்டு, “அன்னைக்கு ஆண்டவர் விண்ணேற்றம் இல்லியா?” என்றார். ஈஸ்டரையும் சேர்த்து எண்ணினால் நாற்பதாம் நாளான வியாழன். நம் ஊரில் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொண்டாடுகிறோம். சுவிட்சர்லாந்தில் அந்த வியாழனே அரசு விடுமுறை, கடைகள் பூட்டு. பசியோடு ஒரு வெறும் வீட்டுக்குள் போய் நிற்க வேண்டியிருந்திருக்கும். ரயில் நிலையக் கடைகள் மட்டும் விடுமுறையிலும் திறந்திருக்கும் என்பதால், பாசெலில் ரயில் மாறும் இடைவெளியை ஒரு மணி நேரமாக நீட்டி, பாலும் ரொட்டியும் தயிரும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் இதே கதைதான். சனிக்கிழமை மாலையே பால் வாங்கி வைக்க வேண்டும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சுவிட்சர்லாந்தில் டிராவல் பாஸ் வேண்டாம் என்றேன். கணவருக்கு அதில் வருத்தம். பாஸ் நல்ல சரக்குதான், தினமும் ரயிலும் கப்பலும் ஏறுகிறவர்களுக்கு. ஆனால் வாங்கிவிட்டால் போட்ட காசை எடுக்க வேண்டும் என்று தினமும் ஓடுவோம். பெரியவர்களுக்குப் பாதிக் கட்டண அட்டை எடுத்தோம். அதோடு இலவசமாக வரும் குடும்ப அட்டையில் மூத்தவளுக்கு டிக்கெட் இல்லை, ஆறு வயதுக்குக் கீழ் இளையவனுக்கு எப்படியும் இல்லை. இன்டர்லாக்கனில் தங்குகிறவர்களுக்குச் சுற்றுவட்டார பஸ் விருந்தினர் அட்டையில் சும்மா கிடைக்கும்.

அந்த ஒன்பது இரவில் மூன்று நாளைக் காலியாக விட்டிருந்தேன். எதற்கு இவ்வளவு என்று கேட்டவர்களுக்கு நாலாம் நாள் பதில் கிடைத்தது. இளையவனுக்குக் காய்ச்சல். ஊரிலிருந்து கொண்டுபோன பாராசிட்டமால் சிரப், குழந்தை மருத்துவர் எடைக் கணக்கில் எழுதிக் கொடுத்த அளவுச் சீட்டு இரண்டும் பையில் இருந்தன. இது முக்கியம்: சிரப்பின் அடர்த்தி நாட்டுக்கு நாடு, பிராண்டுக்குப் பிராண்டு மாறும். அங்கே வாங்கிய புட்டியில் இங்கத்தக் கணக்குப்படி ஊற்றக் கூடாது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. எந்த டிக்கெட்டும் வீணாகவில்லை, யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. இரண்டிரவுத் திட்டமாக இருந்திருந்தால் அந்த இரண்டு நாளில் ஓர் ஊரே போயிருக்கும், காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயிலும் ஏறியிருக்க வேண்டும்.

ரயில் போகும் பனிமலை நிலையமான யுங்ஃபிரௌயோஹுக்குப் போகவில்லை. 3,454 மீட்டர், நம் எல்லையில் நிற்கும் அகத்தியர்மலை 1,868தான். பிரஷர் உள்ளவரையும் மூன்று வயதுப் பையனையும் ரயிலில் ஏற்றிச் சில மணி நேரத்தில் அந்த உயரத்தில் இறக்க எனக்கு மனம் வரவில்லை, அவர்கள் மருத்துவரும் வேண்டாம் என்றார். 1,638 மீட்டரில் இருக்கும் மூரென் கிராமத்துக்குப் போனார்கள். எதிரே ஐகர், மோன்ஹ், யுங்ஃபிரௌ மூன்று சிகரமும் அங்கிருந்தே தெரியும், கார் வராத தெரு, பிள்ளைகளை விட்டுவிட்டு உட்காரலாம். மனைவி கேட்ட பனி அங்கே ஓரங்களில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதுவே பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்துக்குப் போதுமாக இருந்தது.

கீழே லௌட்டர்புரூனன் பள்ளத்தாக்கில் 297 மீட்டர் விழும் ஷ்டௌப்பாக் அருவி. பனி உருகும் மே மாதத்தில் தண்ணீர் நிறைய. திற்பரப்பில் குளித்து வளர்ந்த பிள்ளைகள், “இதுல குளிக்க விடமாட்டாங்களா?” என்று கேட்டார்களாம். பக்கத்தில் மலைக்கு உள்ளேயே விழும் டிரும்மல்பாக் அருவிகளில் நாலு வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை, தூக்கிக்கொண்டும் போக முடியாது. பலருக்கு இது வாசலில்தான் தெரியவரும். முன்னமே தெரிந்ததால் மூத்தவளும் அப்பாவும் உள்ளே, மற்ற மூவரும் பள்ளத்தாக்கின் விளையாட்டுத் திடலில் என்று பிரிந்துகொண்டார்கள். மூத்தவளுக்கு அப்பாவோடு தனியாகக் கிடைத்த அந்த அரை நாள்தான் பயணத்திலேயே பிடித்ததாம். ஐந்து பேரும் எப்போதும் சேர்ந்தே சுற்ற வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் இந்த மாதிரிப் பயணம் பாதி லேசாகும்.

பயணத்தின் மோசமான நாள் மிலன். கணவர் தூவோமோ பேராலயத்தை ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும், நீண்ட ரயில் பயணத்தையும் இரண்டாக உடைக்கலாம் என்றார். காகிதத்தில் சரியாகத்தான் தெரியும். இன்டர்லாக்கனிலிருந்து ஸ்பீட்ஸ் வழியாக மிலன் போய்ச் சேர்ந்து, ஐந்து பேருக்கு ஒரே அறை தர மாட்டார்கள் என்பதால் இரண்டு அறை, அவை வேறு வேறு மாடியில். இளையவன் தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டே தூவோமோவைக் கடந்தான், அம்மா சதுக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை மறுபடி பெட்டி கட்டி, மூன்று மணி நேரத்துக்கு மேல் ரோம் ரயில். ஒரு நாள் களைப்பை உடைக்கப் போய் இரண்டு நாளும் களைப்பாகிவிட்டது. மிலனில் மாறி ஒரே நாளில் ரோம் போயிருக்கலாம். ஏழெட்டு மணி நேரம் ரயிலில், ஆனால் இரவு சொந்தச் சாவி.

ரோமில் புதன்கிழமை காலை அம்மா சதுக்கத்தில் உட்கார்ந்தார். தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போகச் சொல்லியிருந்தேன், வெயில் நேராக விழும் இடம். அதைவிட அவரை அசைத்தது வேறொன்று. ரோமின் ஜேசு ஆலயத்தில் புனித சவேரியாரின் வலது முன்கை பேழையில் வைக்கப்பட்டிருக்கிறது. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு ஒரு வருடம் தவறாதவர். உடல் கோவாவில் இருப்பது தெரியும், கை இங்கே இருப்பது தெரியாது. அங்கிருந்து எழுந்துவர நேரமானது என்றார் மருமகள். பிள்ளைகளுக்கு ரோமில் பிடித்தது தெருக்குழாய்கள். ஊர் முழுக்க ஆயிரக்கணக்கில் ஓயாமல் ஓடும் குடிதண்ணீர்க் குழாய்கள், குழாயின் வாயில் விரலை வைத்து அடைத்தால் மேலே இருக்கும் துளையில் தண்ணீர் பீச்சும். கொலோசியத்தில் பதினெட்டுக்குக் கீழ் இலவசம் என்றாலும் அவர்களுக்கும் நேரச் சீட்டு எடுத்திருக்க வேண்டும், எடுத்திருந்தோம்.

செலவில் பாதிக்கு மேல் விமானத்துக்கும் தங்குமிடத்துக்கும் போனது. வீட்டில் சமைத்ததால் சாப்பாட்டுச் செலவு அவர்கள் பயந்த அளவுக்கு வரவில்லை. மொத்தப் பேக்கேஜாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டி.சி.எஸ். என்று, விற்கும்போதே வசூலிக்கும் வரியாக ஒரு தொகையை முன்னாலேயே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம், ஆனால் முதலில் கையிலிருந்து போக வேண்டும். அதையும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

இப்போது மார்த்தாண்டத்திலிருந்து இரட்டைப் பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டரை வயது, கையில் பதினெட்டு இரவு. அவர்கள் கொண்டுவந்ததும் அதே பஸ் பேக்கேஜ் பட்டியல்தான். வியன்னாவில் ஒன்பது, ரோமில் எட்டு, நடுவில் ராத்திரி ரயிலில் தனி அறையாக ஒன்று என்று போட்டுக் கொடுத்திருக்கிறேன். விசா ஆஸ்திரியாவிடம். பிறப்புச் சான்றிதழ்கள் இரண்டையும் நாளைக்குக் கொண்டுவருகிறார்கள்.